கோசலை தைத்த துண்டு

...இடக்கை, அவள் இடக்கைக்காரி, இதை எப்படி மறந்தேன்... பாரிஸில் லா சப்பல் மெட்ரோவின் படிகளில் பாதி இறங்கிய பிறகுதான் மிருணாளினிக்கு அது ஞாபகம் வந்தது, கால் அந்தப் படியிலேயே நின்றுவிட்டது, பின்னால் வந்தவன் தோளில் இடித்து, பார்தோன் என்று சொல்லிக்கொண்டே ஓடினான். சினேகிதி கோசலை சோறு தின்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இடக்கையால்தான் செய்வாள், எழுதுவது, மரக்கறி வெட்டுவது, தைப்பது, தையல் பழக்கிய ரீச்சர் முதல் மாதம் முழுக்க அவளுடைய ஊசியைப் பிடுங்கி வலக்கைக்கு மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் அலுத்துப்போய் விட்டுவிட்டார். இடக்கையால் தைத்தால் நூல் மற்றப் பக்கம் சரியும், ஒவ்வொரு தையலும் சரியும், தையல் தெரிந்தவர்களுக்கு அது கையெழுத்து மாதிரி. கைப்பைக்குள், பழைய கலண்டர் தாளில் சுற்றி, ஒரு துணித்துண்டு இருந்தது, அதில் கோசலை என்ற பெயரும் ஒரு சைக்கிளும் சிவப்பு நூலில் இருந்தன, இரண்டையும் தைத்தது கோசலை அல்ல, மிருணாளினி, இரண்டு கிழமையாகக் குசினி மேசையில், தன் வலக்கையால். கோசலை தைத்தது என்று சொல்லிக் கொடுப்பதற்காக. திரும்பிப் போய்விடலாமா? சுகமில்லை என்று ஒரு மெசேஜ் போட்டால் போதுமே... ஆனால் தெரிந்தவர் தவரத்தினம் அண்ணை வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறார், அவரிடம்தான் கோசலையின் தாய்க்குக் கொடுத்துவிட வேண்டும், இன்றைக்குப் புதன். கோசலையின் தங்கச்சி வசந்தரூபிக்கு ரெஸ்ரோரண்டில் மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும்தான் ஓய்வு. மூன்றே கால் ஆகிவிட்டது. மிருணாளினி மிச்சப் படிகளையும் இறங்கினாள்.

வீதியைக் கடந்து ஃபொபூர் சேன்-தெனிப் பக்கம் நடந்தபோது சிகரெட் விற்கிற பொடியன்கள் மல்போரோ மல்போரோ என்று முணுமுணுத்தார்கள், கடை வாசலில் முருங்கைக்காய் அடுக்கியிருந்தது, யாரோ வெற்றிலைக்கு விலை கேட்டார்கள்... ரூபி, உனக்கு ஒரு விசயம் சொல்ல வேணும், அந்தப் போர்வை என்னட்டை இல்லை. இதுதான் வசனம், பத்தே பத்துச் சொல். வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள், இலகுவாகத்தான் இருந்தது, யாரிடமும் சொல்லாதபோது எல்லாம் இலகுதான். அந்தப் போர்வையைக் கிளிநொச்சித் தையல் வகுப்பில் எட்டுப் பெட்டைகள் சேர்ந்து தைத்தார்கள், இரண்டாயிரத்தேழில், மிருணாளினிக்குப் பாரிஸ் மாப்பிள்ளை சரிவந்தபோது. அந்த யோசனையைக் கொண்டுவந்தது சும்மா ஆறு மாதம் தொண்டுக்கு என்று வந்திருந்த ஒரு வெள்ளைக்கார மிஸ், வெயிலில் மூக்கெல்லாம் தோலுரிந்து திரிந்த மனுசி. அவர் தன் நாட்டுக் கதையைச் சொன்னார், இருநூறு வருசத்துக்குக் கிட்ட இருக்கும், அமெரிக்காவில் சனங்கள் வண்டில் கட்டிக்கொண்டு மேற்குப் பக்கம் குடிபோன காலம், போனால் திரும்பி வரமாட்டார்கள், கடிதம் போய்ச் சேருமோ தெரியாது, அப்படிப் போகிற பெண்ணுக்கு அவளுடைய சினேகிதிகள் ஆளுக்கொரு துண்டு, தாங்கள் உடுத்துப் பழசான சட்டையிலிருந்து வெட்டி, அதில் தங்கள் பெயரைப் போட்டுக் கொடுப்பார்களாம், எல்லாவற்றையும் சேர்த்துப் பொருத்தினால் ஒரு போர்வை. முதலில் மையால்தான் பெயர் எழுதினார்களாம், அந்தக் காலத்து மையில் இரும்புச்சத்து, அது மெல்ல மெல்லத் துணியைத் தின்றுவிட்டதாம், சில போர்வைகளில் பெயர் இருந்த இடத்தில் பெயரின் வடிவத்திலேயே ஓட்டை இருக்குமாம். பிறகு கோசலைதான் சொன்னாள், "அப்ப நாங்கள் நூலாலை எழுதுவம் மிஸ், நூல் தின்னாதுதானே." இன்னொருத்தி, இந்த வெக்கைக்குப் போர்வையோ என்று சிரித்தாள். பாரிஸில குளிர் என்றார்கள். அந்தப் போர்வையைப் பெண்கள் கட்டிலில் விரிக்கவே மாட்டார்களாம், பெட்டிக்குள் வைத்திருந்து எடுத்து எடுத்துப் பார்ப்பார்களாம், சிலரைப் புதைக்கும்போது அதாலேயே சுற்றிப் புதைத்தார்களாம்... வெள்ளைக்கார மிஸ் அதைச் சொன்னபோது கண்ணைத் துடைத்தார், இவர்களுக்கு அப்போது விளங்கவில்லை, செத்தவர்களை என்னத்தால் சுற்றினால் என்ன என்றுதான் இருந்தது. இரண்டு வருசத்தில் சுற்றுவதற்குத் துணி கிடையாமல் போகும் என்று யார் கண்டது.

கோசலை சைக்கிள் தைத்தாள். அவளும் மிருணாளினியும் ஒரே சைக்கிளில்தான் வகுப்புக்குப் போய்வருவார்கள், போகும்போது ஒருத்தி மிதிப்பாள், வரும்போது மற்றவள். நீலத்தில் வெள்ளைப் பொட்டுப் பூப் போட்ட அவளுடைய சட்டைத் துணி, சிவப்பு நூல், ஒரு சில்லு பெரிது, ஒரு சில்லு சின்னது, "நீ இருந்து வாற பக்கம் பாரத்திலை நசிஞ்சு போச்சடி" என்று அதற்கு விளக்கம் வேறு. பெயரில் லையன்னாவைப் பழைய மாதிரித் தும்பிக்கை வைத்துத்தான் எழுதுவாள், தகப்பன் அப்படிப் பழக்கியிருந்தார். இவ்வளவும் ஞாபகம் இருக்கிறதே, பிறகு அந்தக் கையை மட்டும் ஏன் மறந்தேன்... போர்வையோடு பாரிஸுக்கு வந்திறங்கியபோது புருசன் குணரத்தினம் அதைப் பார்த்துவிட்டு, "உதை ஏன் சுமந்துகொண்டு வந்தனீர், இஞ்சை கடையளிலை நல்ல போர்வையள் இருக்கு" என்றார், கூடாத மனுசன் இல்லை, இருபது வருசமாக அடுப்படியில் நின்று கால் வீங்கின மனுசன், துணியில் பெயர் எழுதுவதெல்லாம் அவருக்கு எங்கே விளங்கும். முதல் இரண்டு குளிருக்கும் மிருணாளினி அதைத்தான் போர்த்தாள். பிறகு இரண்டாயிரத்தொன்பது மே வந்தது, அந்தக் கிழமைகளில் லா சப்பலே வீதியில் நின்று அழுதது, அவள் கட்டிலில் போர்வையை விரித்து வைத்துக்கொண்டு தெரிந்த நம்பர் எல்லாம் அடித்தாள். ஒரு துண்டுக்கு ஒரு செய்தி வந்தது. இவள் புதுக்குடியிருப்பில் ஷெல் பட்டு, இவள் தாயோடு சேர்த்துப் பங்கருக்குள், இவளுக்கு ஒரு கால் இல்லை ஆனால் உயிரோடு இருக்கிறாள்... எட்டில் ஐந்து பேர் இல்லை என்று தெரிந்துபோனது. கோசலையைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியவில்லை. சண்டையின் கடைசி நாள் பாலம் கடந்து ஆமியிடம் வந்ததைக் கண்டவர்கள் இருந்தார்கள், பெயர் பதிந்ததைக் கண்டவர்கள் இருந்தார்கள், ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள் என்று தாய் சொன்னார், பஸ்ஸை அந்தத் தாய் தன் கண்ணாலேயே கண்டார். அந்த பஸ் எங்கே போனது? பதினாறு வருசமாகிறது.

அந்தப் போர்வையைக் குளிரில் கிடந்த ஆட்களுக்கு, வேண்டாம், அப்படிச் சொல்லாதே, நீயாகத்தான் கொடுத்தாய், ஒருத்தரும் பறிக்கவில்லை. மகள் விதுர்ஷாவுக்கு அப்போது ஐந்து வயது, அவளுக்கு அந்தப் போர்வையிலிருந்துதான் தமிழ் எழுத்துக் காட்டிக் கொடுத்தாள், மகள் ஒவ்வொரு பெயராக எழுத்துக் கூட்டி வாசிப்பாள், வாசித்துவிட்டு இது ஆர் அம்மா என்பாள், பிறகு மோர்த்தோ, செத்துப்போச்சினமோ என்று பிரெஞ்சில் கேட்பாள், பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக்கூடாது என்று மிருணாளினி உள்ளதைச் சொன்னாள். ஒரு நாள் பின்னேரம் குசினியில் நிற்கும்போது அறைக்குள்ளிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது, பள்ளிக்கூடத்தில் ஆள் எண்ணி விளையாடுகிற மெட்டு, மகள் கட்டிலில் ஏறி நின்று ஒவ்வொரு துண்டாகக் காலால் தொட்டுத் தொட்டுப் பாடினாள், ஒரு பெயர், மோர்த், ஒரு பெயர், மோர்த், ஒரு பெயர், மோர்த்... கோசலையில் கால் வைத்து நின்று, "அம்மா, இவா?" என்று கேட்டாள். தெரியாது என்று மிருணாளினி சொன்னாள். தெரியாது என்ற சொல் மெட்டுக்குள் அடங்கவில்லை, மகளுக்குக் கோபம் வந்தது, முதலிலிருந்து திரும்பப் பாடினாள். அடுத்த நாள் விடிய, கூட்டித் துடைக்கிற மெனாஜ் வேலைக்குப் போகிற வழியில், மிருணாளினி அந்தப் போர்வையைப் பெரிய பையில் அடைத்துக்கொண்டு ஸ்டாலின்கிராட் மெட்ரோப் பக்கம் நடந்தாள், மேலே மெட்ரோ ஓடுகிற அந்தப் பாலத்துக்குக் கீழே அப்போது கூடாரம் கூடாரமாக ஆட்கள் கிடந்தார்கள், ஒரு கறுப்புப் பெண் மடியில் பிள்ளையோடு அட்டைமட்டையில் இருந்தாள், பையை அவளுக்குப் பக்கத்தில் வைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை, மெர்சி என்று ஒரு குரல் கேட்டது, திரும்பவில்லை. தர்மம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டாளே, தர்மமா அது? அன்றைக்கு ஆறு மாடி கூட்டித் துடைத்தபோது உடம்பு பஞ்சாக இருந்தது, அந்த லேசுதான் குற்றம், கொடுத்தது அல்ல. மூன்று நாளில் ஓடிப்போய்ப் பார்த்தாள், இன்னொரு நல்ல போர்வையும் இருபது யூரோவும் கொண்டுபோனாள், அந்தப் பெண் அங்கே இல்லை, யாருக்கும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் அந்த இடம் முழுக்கக் கழுவிக் கிடந்தது, கம்பி வேலி போட்டிருந்தது. குணரத்தினத்திடம் காவுக்குள் பெட்டியில் இருக்கிறது என்றாள், கீழே நிலவறைக்கு அந்த மனுசன் எங்கே இறங்கப்போகிறார். பத்து வருசம் அது அங்கேயே இருந்தது, இல்லாமலே இருந்தது, சில நேரம் அவளே நம்பினாள்.

போன மாதம்தான், மரக்கறிக் கடையில் ஒரு பெட்டை வாழைப்பூவைக் கையில் வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தாள், நீங்கள் மிருணா அக்காதானே, நான் ரூபி, கோசலையின்ர தங்கச்சி. ஒன்பது வயதில் மூக்கு வடிந்துகொண்டு திரிந்த வசந்தரூபி, இப்போது இருபத்தேழு, வந்து எட்டு மாதம், வதிவிடக் காட் இன்னும் கிடைக்கவில்லை, ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிறாள், கை இரண்டும் வெந்து சிவந்திருந்தது. கட்டிப்பிடித்து அழுதார்கள், கடைக்காரர் தராசைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை முடிவதற்குள்ளேயே அவள் கேட்டுவிட்டாள், "அக்கா, அந்தப் போர்வை வைச்சிருக்கிறீங்களோ?" ஓம் என்றாள் மிருணாளினி. ஏன் ஓம் என்றாய்? ஓம் என்பது எவ்வளவு சின்னச் சொல், மூச்சு விடுகிற நேரத்தில் வந்துவிடுகிறது... "முழுக்க வேண்டாம் அக்கா, அவளின்ர துண்டை மட்டும் வெட்டித் தருவீங்களோ? வெட்டச் சொல்லிக் கேக்கக் கூடாது, எனக்குத் தெரியும். ஆனால் அம்மாட்டை அவளின்ரை எண்டு சொல்ல ஒண்டும் இல்லை, ஒரு படம்கூட இல்லை, எல்லாம் ஓடேக்கை விட்டுட்டு வந்தாச்சு. அவவுக்கு இப்ப இருதயமும் சரியில்லை." ஓம் ரூபி, தாறன். இரண்டாவது ஓம். அதற்குப் பிறகு பார்பெஸ் பக்கத்துத் துணிக்கடைகள் எல்லாம் ஏறி இறங்கினாள், நீலத்தில் வெள்ளைப் பொட்டுப் பூ, நாலாவது கடையில் கிடைத்தது, கிட்டத்தட்ட. ஏழு தரம் தோய்த்தாள், தேத்தண்ணீர்ச் சாயத்தில் ஊறவைத்தாள், கால் தேய்க்கிற கல்லால் உரஞ்சினாள், சில்லுகள் இரண்டும் அளவாக வந்துவிட, பிரித்து ஒன்றைப் பிழையாகத் தைத்தாள், பிழை விடுவது எவ்வளவு கஷ்டம்... லையன்னாவின் தும்பிக்கையை மூன்று தரம் பிரித்தாள். அப்போதெல்லாம் அவளுக்கு ஒரு சந்தோசம் இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும், பக்கத்தில் கோசலை இருந்து நையாண்டி பண்ணுவது மாதிரி, பத்து வருசமாக வராதவள் வந்து முழங்கையில் இடிப்பது மாதிரி. அப்படி இடித்தவள் ஒரு தரமாவது, எடியே, எந்தக் கையாலை தைக்கிறாய் என்று கேட்டிருக்கக் கூடாதா?

ரூ பெர்தொனே தெருவில் அந்தத் தேத்தண்ணீர்க் கடையின் கடைசி மேசையில் வசந்தரூபி இருந்தாள், எழும்பி, "வாங்கோ அக்கா, சாப்பிட்டீங்களோ" என்றாள், முன்னால் ஒரு வடையைப் பாதி வெட்டி மிருணாளினிக்கென்று தட்டில் வைத்திருந்தாள். இப்போது சொல்லு, அவள் வடையைத் தருவதற்குள் சொல்லு, ரூபி உனக்கு ஒரு விசயம்... "கொண்டுவந்தனீங்களோ?" கை தானாகவே பைக்குள் போனது, கலண்டர் தாள் மேசையில் விரிந்தது. வசந்தரூபி தொடவில்லை, கையைச் சட்டையில் துடைத்தாள், திரும்பவும் துடைத்தாள், பிறகு ஒரு விரலால் பெரிய சில்லைச் சுற்றி வந்தாள், பிறகு சின்னச் சில்லை. எவ்வளவு நேரம்? மெல்லச் சொன்னாள், "விளக்கு வைச்சுக்கொண்டு தைச்சவள், நான் பக்கத்திலை இருந்தனான்... இது எனக்கு வேறை மாதிரி ஞாபகம் இருக்கக்கா." "எப்பிடி?" என்று மிருணாளினி கேட்டாள், தன் குரலா அது. "தெரியேல்லை. நிறம் கூடவா இருந்த மாதிரி." பிறகு அவளே, "நான் சின்னப்பிள்ளைதானே. அதோடை எத்தினை வருசம், வெளிறித்தானே போகும்" என்றாள். இப்போதாவது சொல்லியிருக்கலாம், கதவு திறந்துதான் கிடந்தது, ஆனால் அதற்குள் அவள் போனை எடுத்துவிட்டாள், அங்கே எட்டு மணியாகப் போகிறது, அம்மா பார்த்துக்கொண்டிருப்பா என்றாள். தேத்தண்ணீர்க் கோப்பையில் சாய்த்து வைத்த போனில் ஒரு குழல் விளக்கு, ஒரு சுவர், பிறகு அந்த முகம், மிருணாளினி கடைசியாகக் கண்டபோது தலைமயிர் கறுப்பாக இருந்த முகம்.

"அம்மா, இஞ்சை பாருங்கோ." துண்டை உயர்த்திப் பிடித்தாள். படம் இறுகிப்போய் நின்றது, லைன் அறுந்துவிட்டதென்று நினைத்தார்கள், இல்லை, தாய்தான் அசையவில்லை. பிறகு, "மற்றப் பக்கத்தைத் திருப்பு பிள்ளை" என்றார். மற்றப் பக்கம். தைத்தவளின் கை முழுக்கத் தெரிகிற பக்கம், முடிச்சுகள், நூல் சரிகிற பக்கம், அந்தத் தாயும் வருசக்கணக்காக மெசின் மிதித்துச் சீவித்தவர்தானே, பிள்ளைகள் மூவரின் பள்ளிக்கூடச் சட்டையும் தைத்தவர்... வசந்தரூபி திருப்பினாள். கிட்டக் கொண்டுவா என்றார். இன்னும் கிட்ட. மிருணாளினி வடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வெட்டின வடைக்குள் ஒரு முழு மிளகு கிடந்தது, அந்த மிளகிலேயே கண்ணை வைத்திருந்தாள், இப்போது சொல்லப்போகிறார், இது என்ர பிள்ளை தைச்சதில்லை என்று சொல்லப்போகிறார், சொல்லட்டும், சொல்லிவிட்டால் முடிந்துவிடும், காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். "ஓம்" என்றார் தாய். "ஓம், அவள்தான். என்ர பிள்ளையின்ர கை. முடிச்சைப் பார், எத்தினை தரம் சொல்லியிருப்பன், ஒழுங்கா முடிச்சுப் போட மாட்டாள்." அழவில்லை, சிரித்தார், சிரிப்பு முடியாமல் இருமலாகிப் போனது. "கிளிநொச்சியிலை றோட்டுக் கரைக் கொட்டிலிலை இவ்வளவு காலமும் மற்றத் தாய்மார் எல்லாம் காணாமல் போன பிள்ளையளின்ர படத்தை வைச்சுக்கொண்டு போராட்டத்திலை இருக்கினம், நான் மட்டும் வெறுங்கையோடை இருந்தனான், வாறவங்கள் என்னைப் படமெடுக்கிறதில்லை. இனி இது இருக்கு. இந்தா, இப்பிடி ஒருத்தி இருந்தவள், இது அவளின்ர கைவேலை எண்டு காட்டுவன்." பிறகு, மிருணாவைக் காட்டு என்றார். போன் திரும்பியது. "பிள்ளை, பெத்த நானே ஒண்டும் காப்பாத்தேல்லை. நீ பிறத்தியாள், இவ்வளவு காலம் பத்திரமா வைச்சிருந்தியே. உன்ர போர்வையை வெட்டிப்போட்டியே எனக்காக." மூன்றாவது ஓம் எப்போது வந்தது என்று மிருணாளினிக்குத் தெரியவில்லை. "ஓம் அம்மா."

ஐந்தரைக்கு வசந்தரூபி வேலைக்குக் கிளம்பினாள், பத்ரோன், அந்த முதலாளி, ஆறு மணிக்கு முன்னமே நிற்கச் சொல்கிறவன், துண்டை நெஞ்சுக்குள் சட்டைக்கு உள்ளே வைத்துக்கொண்டாள், கடை வாசலில் இறுக்கிக் கட்டிப்பிடித்தபோது அது இரண்டு பேருக்கும் நடுவில் கசங்கியது. "அக்கா," என்று காதுக்குள் சொன்னாள், "அம்மா சிரிச்சதை நான் இஞ்சை வந்த பிறகு இண்டைக்குத்தான் கண்டனான்." அவளுக்குத் தெரியுமா? நிறம் என்று சொன்னாளே, நிறத்தை மட்டும்தான் கண்டாளா, தெரிந்துகொண்டுதான் போனைத் திருப்பினாளா, தாய்க்கும் தெரியுமா, தெரிந்துகொண்டுதான் முடிச்சைப் பற்றிச் சொன்னாரா... இடக்கையைத் தாய் மறப்பாரா? மறக்கலாம். பதினாறு வருசம் கையை நினைக்காமல் முகத்தையே நினைத்துக்கொண்டிருந்தால் கை போய்விடும்தான். அல்லது ஒன்றுமில்லாமல் இருப்பதற்குப் பொய்யான ஒன்று மேல் என்று அந்தத் தாயும் ஓம் சொல்லியிருக்கலாம், ஓம் சொல்வது எவ்வளவு இலகு என்று எனக்குத் தெரியாதா. சந்தியில் வந்து நின்றாள், தெருவிளக்குகள் பற்றியிருந்தன. இனி யார் சொல்லப்போகிறார்கள்? கால் இழந்தவளைச் சவூதிக்குப் போன அண்ணன்காரன் எங்கோ கூட்டிப்போய்விட்டான், கனடாவில் இருக்கிற மற்றவள் போன் எடுப்பதேயில்லை, வெள்ளைக்கார மிஸ்ஸுக்கு உயிர் இருக்கிறதோ தெரியாது. இது தன் தையல் இல்லை என்று அடித்துச் சொல்லக்கூடியவள் உலகத்தில் ஒருத்திதான் இருக்கிறாள், இருந்தால். மிருணாளினி அவளை நினைத்துப் பார்த்தாள், எப்போதும் நினைப்பது மாதிரி, அந்த றோட்டுக் கரையில் ஒரு பஸ் வந்து நிற்பதாகவும், நீலச் சட்டையோடு கோசலை அதிலிருந்து இறங்குவதாகவும், ஒவ்வொரு மே மாதமும், ஒவ்வொரு கோவிலிலும் கேட்ட அந்த ஒரேயொரு காட்சி. பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. இறங்கி வந்து தாயின் கையில் இருப்பதை வாங்கித் திருப்பிப் பார்த்து... நெஞ்சுக்குள் முதலில் வந்தது சந்தோசம் இல்லை. பயம். இறங்காதே, என்று ஏதோ ஒன்று உள்ளுக்குள் சொல்லிவிட்டது, தெளிவாக, தன் குரலில். கடக்கிற விளக்குப் பச்சைக்கு மாறியது, ஆட்கள் அவளை இடித்துக்கொண்டு நடந்தார்கள், அவள் அந்தச் சொல்லுக்குக் கீழே பழைய வேண்டுதல் எங்கேயாவது கிடக்கிறதா என்று தேடிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றாள்.